ரெண்டு வாளித் தண்ணி

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ என் மடியில ஒரு பெட்டி இருந்தது. கொழும்புல இருந்து பலாங்கொடை வரைக்கும் ஒரு பஸ், அங்க இருந்து பின்னவலைப் பக்கம் ஏறுற சின்ன பஸ். ரெண்டுலயும் அந்தப் பெட்டிய கீழ வைக்கவே இல்ல. உள்ளே 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர். விலை 26,500 ரூபா. கடையில வேலை செய்ற எனக்குக் கிடைச்ச போனஸ் மொத்தமும் அதுக்கே போச்சு. அந்த வருஷம் தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்குல பார்த்தா அம்மா ஏறத்தாழ இருபது நாள் கொழுந்து எடுக்குற காசு.

எங்க தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்துலதான் இருக்கு. இரத்தினபுரி என்றதும் கொழும்புல இருக்கிறவங்களுக்கு மாணிக்கக்கல்லும் வெள்ளமும் புழுக்கமும்தான் ஞாபகம் வரும். "அங்க எதுக்கு சுடுதண்ணி?" என்று கூட வேலை செய்ற பிள்ளை கேட்டா. பலாங்கொடையில இருந்து பொகவந்தலாவைப் பக்கம் ஏறுற ரோட்டுல ஒரு தடவை ஐப்பசி, கார்த்திகை மழையில வந்து பார்த்தா இந்தக் கேள்வி வராது. பின்னேரம் அஞ்சு மணிக்கு அம்மா மலையில இருந்து இறங்கும்போது இடுப்புல கட்டின படங்குல இருந்து தண்ணி சொட்டும். காலுல அட்டை கடிச்ச ரத்தம். முழங்கால் ரெண்டும் வீங்கியிருக்கும்.

அதுக்கப்புறம்தான் அடுப்பு மூட்டணும். அப்பா கவ்வாத்து மலையில இருந்து தூக்கிட்டு வர்ற மிலாறு மழை நேரத்துல காயாது. ஊதி ஊதி, கண்ணு எரிஞ்சு, ஒரு பானை தண்ணி கொதிக்க முக்கால் மணித்தியாலம். நான் சின்னப் பிள்ளையில இருந்து பார்த்துட்டு வர்ற காட்சி இது. சுவிட்ச் போட்டதும் சுடுதண்ணி வரணும், அம்மா நேரா போய்க் குளிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

பகல்ல சுடும், பின்னேரம் சுடாது

தீபாவளிக்கு மூணு நாளைக்கு முந்தி, கரண்ட் வேலை பார்க்கிற பாஸ் அண்ணன் வந்தார். லயத்துக்குப் பின்னால அப்பா தகரம் அடிச்சுக் கட்டின பாத்ரூம் இருக்கு. அதுல ஹீட்டரப் பூட்டினார். பகல் பதினொரு மணிக்கு பைப்பத் திறந்தோம். சிவப்பு லைட் எரிஞ்சது. பத்து விநாடியில சுடுதண்ணி. நான் கத்தின கத்துல பக்கத்துக் காம்பரா பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்து கையை நீட்டிப் பார்த்தாங்க. பாஸ் அண்ணன் தேத்தண்ணி குடிச்சிட்டு, காச வாங்கிட்டுப் போயிட்டார்.

பின்னேரம் அஞ்சரைக்கு அம்மா உள்ளே போனாங்க. ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் குரல் மட்டும் வந்தது.

"ஏ புள்ள, பச்சத்தண்ணிதான் வருது."

நான் போய்ப் பார்த்தேன். தண்ணி வருது, லைட் எரியல. திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். எரியல. அம்மா குளிர்ல நடுங்கிக்கிட்டே, "பரவாயில்ல, அடுப்புல கொஞ்சம் வச்சிருக்கேன்" என்றாங்க. எனக்கு சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருந்தது. எனக்கு முன்னாடியே அடுப்ப மூட்டி வச்சிருந்தாங்க. என் ஹீட்டர் மேல அவங்களுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில பாஸ் அண்ணனுக்கு போன் பண்ணி சண்டை போட்டேன். அவர் வந்தார், பைப்பத் திறந்தார், லைட் எரிஞ்சது. "நல்லாத்தானே இருக்கு தங்கச்சி?" போயிட்டார். பின்னேரம் மறுபடியும் பச்சத்தண்ணி.

அன்னைக்குப் பின்னேரம் விடை தற்செயலாக் கிடைச்சது. கோபத்துல ஷவர் தலையைக் கீழே போட்டேன். அது தரையில விழுந்து கிடக்கும்போது லைட் எரிஞ்சது. கையில எடுத்து தலைக்கு மேல தூக்கினேன், அணைஞ்சது. மறுபடி கீழே, எரிஞ்சது. மேலே, அணைஞ்சது. கரண்டுல பிழை இல்ல, ஹீட்டர்லயும் பிழை இல்ல. தண்ணிக்கு ஏறி வரப் பலம் போதல.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது

அன்னைக்கு ராத்திரிதான் ஹீட்டரோட வந்த தாளை முழுசா வாசிச்சேன். வாங்கும்போதே வாசிச்சிருக்கணும்.

இந்த மாதிரி ஹீட்டருக்குள்ள தண்ணி தேங்கி நிற்கிற தாங்கி கிடையாது. ஒரு சின்ன அறை, அதுக்குள்ள கம்பி. தண்ணி ஓடுற வேகத்துல அது சூடாகும். தண்ணி இல்லாம கம்பி சூடானா எரிஞ்சு போகும். அதனால நுழையுற இடத்துல ஓட்டத்தைப் பார்த்துக்கிட்டு ஒரு சுவிட்ச் இருக்கு. போதுமான ஓட்டம் இருந்தா கரண்டை விடும். குறைஞ்சா நிறுத்தும். எங்க ஹீட்டருக்குக் குறைஞ்சது 0.3 பார் அழுத்தம் வேணும் என்று தாளில இருந்தது. ஒரு மீற்றர் உயரத்துல நிற்கிற தண்ணி சுமாரா 0.1 பார் தரும். அப்போ 3 மீற்றர் உயரம் வேணும்.

எங்க தண்ணி அதை விட எவ்வளவோ உயரத்துல இருந்துதான் வருது. மலைக்கு மேல ஊற்று, அதுக்குக் கீழ தோட்டத்துத் தாங்கி, அங்க இருந்து லயத்துக்கு ஒரு பைப்பு. பைப்பெல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தம் பிரமாதம். ஆனா அந்த அரை இஞ்சி பைப்புலதான் எங்க லயத்து 12 காம்பராவும் தொங்குது. பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் மலையில. பைப்பு முழுக்க எங்களுக்குத்தான். பின்னேரம் அஞ்சரைக்கு 12 வீட்டுலயும் கால் கழுவுறாங்க, அரிசி களையுறாங்க, பிள்ளைங்களக் குளிப்பாட்டுறாங்க. அந்த நேரம் எங்க பங்குக்கு வர்றது நூல் மாதிரி ஒரு ஓட்டம். டவுன்ல தனித்தனி மீட்டரோட தண்ணி வாங்குற வீட்டுக்காக எழுதின தாளில இது எங்க இருக்கும்?

மோட்டர்

பாஸ் அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்ல. "சின்ன மோட்டர் ஒன்னு போடுவோம் தங்கச்சி. பைப்புல நேரா பூட்டினா இழுத்துத் தரும். என்கிட்ட பழசு ஒன்னு இருக்கு."

பூட்டினோம். தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா முதல் தடவையா நின்னபடி சுடுதண்ணியில குளிச்சாங்க. ஷவர் சத்தம் வெளியே கேட்டது. எனக்கு அழுகை வந்துட்டுது.

தீபாவளி அன்னைக்கும் மோட்டர் ஓடிச்சு. அப்போதான் கடைசிக் காம்பரா மாமி வந்தாங்க. கையில வெறும் வாளி. அவங்க மருமகளுக்குப் பிள்ளை பொறந்து அன்னைக்கு இருபது நாள். சண்டைக்கு வரல. ரொம்ப மெதுவாத்தான் கேட்டாங்க.

"உங்க வீட்டுல தண்ணி வருதா? எங்க பைப்பத் தொறந்தா காத்துதான் வருது. ரெண்டு நாளா இப்படித்தான். தாங்கியில ஏதும் அடைச்சிருச்சோ என்னமோ."

மாமிக்கு மோட்டர் விஷயம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். மாமியோட வாளிய வாங்கி நிரப்பிக் குடுத்தாங்க. மாமி போனதும் சுவத்துல இருந்த சுவிட்ச அணைச்சாங்க. நான் ஏதேதோ பேசினேன். எல்லா வீட்டுலயும் ஒரு நாளைக்கு ஹீட்டர் வாங்குவாங்க, அப்போ அவங்களும் மோட்டர் போடுவாங்க, நாம விட்டுக்குடுத்தா நமக்குத்தான் நட்டம் என்று.

"என் முழங்காலுக்கு அந்தப் பச்ச ஒடம்புக்காரி தண்ணியில்லாமக் கெடக்கணுமா?" என்றாங்க அம்மா. அதுக்கு மேல பேச்சில்ல.

பொது பைப்புல மோட்டர் பூட்டுறது எத்தனையோ இடத்துல நடக்குற விஷயம். முதல்ல ஒருத்தர் போடுவார். தண்ணி குறைஞ்சதும் பக்கத்து வீட்டார் போடுவார். மோட்டர் வாங்க வசதியில்லாத வீடுதான் கடைசியில காயும். மோட்டர் புதுசா ஒரு சொட்டுத் தண்ணிய உண்டாக்காது. அடுத்தவர் பங்க நம்ம பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். இந்த லயத்துல பொறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். அம்மாவோட முழங்கால் கண்ணுக்கு முன்னால நின்னதால தெரியாத மாதிரி இருந்தேன்.

பெரல்

அடுத்த நாள் பின்னேரம் அம்மா பழையபடி அடுப்ப மூட்டினாங்க. நான் வாசல்ல உட்கார்ந்து முறைச்சிக்கிட்டு இருந்தேன். பானையில கொதிச்சது ஒரு வாளி. அதுல விளாவுறதுக்குப் பச்சத்தண்ணி இன்னொரு வாளி. அம்மாவோட ஒரு குளியலுக்கு மொத்தமே ரெண்டு வாளி, 20 லீற்றருக்குக் கொஞ்சம் மேல. இத்தனை வருஷமா அம்மா குளிச்சது இந்த அளவுலதான்.

அப்போதான் மண்டையில தட்டிச்சு. எங்களுக்கு அதிகத் தண்ணி தேவையே இல்ல. தேவைப்பட்டது அஞ்சரைக்கு எட்டு நிமிஷம் ஒரே சீரான ஓட்டம். அதை அஞ்சரைக்கே பொது பைப்புல இருந்து எடுக்கணும் என்று ஒரு கட்டாயமும் இல்ல. ராத்திரி எல்லாரும் தூங்கும்போது மெதுவா எடுத்து வச்சுக்கலாமே.

லயத்துக்குப் பின்னால மண்மேடு ஒன்னு இருக்கு. அப்பாவும் நானும் கயிறு கட்டி அளந்தோம். மேட்டுக்கு மேல இருந்து ஷவர் மாட்டுற உயரத்துக்கு 3.5 மீற்றர். தாள் கேட்ட 3 மீற்றருக்கு மேல. தாங்கி கட்ட அது நம்ம நிலம் இல்ல, தோட்டத்து நிலம். சிமெந்துல ஒரு கல் வைக்கணும் என்றாலும் ஆபீசுக்குப் போய்க் கேட்கணும். அதனால கட்டாம வைக்கிற மாதிரி ஒன்னு பார்த்தோம். டவுன்ல சாப்பாட்டுச் சாமான் வந்த 200 லீற்றர் நீலப் பெரல் ஒன்னு. கழுவி, பலகை மேல வச்சு, மேடு சரியாம இருக்க விளிம்புல இருந்து தள்ளி நிறுத்தி, டெங்கு நுளம்பு வராம இறுக்கமா மூடி போட்டோம். நிரம்பினதும் தானா மூடிக்கிற மிதவை வால்வு ஒன்னு. பெரலுக்குப் போற பைப்ப ராத்திரி பத்து மணிக்குத்தான் திறக்கிறது, அதுவும் கால்வாசி. விடிய முன்னாடி மூடிடுவோம்.

பெரல்ல இருந்து ஹீட்டருக்கு முக்கால் இஞ்சி பைப்பு இழுத்தோம். சின்ன பைப்புல, நிறைய வளைவு வச்சா, இருக்குற கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே செலவாகிடும். ஹீட்டர் வாசல்ல இருந்த சின்ன வலையக் கழற்றிப் பார்த்தா உள்ளே ஊற்றுல இருந்து வந்த மண்ணும் இலைத்தூளும். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால கழுவினேன். மழைக்காலத்துல ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை கழுவணும். ஷவர் தலையிலயும் பாதி ஓட்டை அடைச்சிருந்தது, ஊசியால குத்தி விட்டேன்.

25 விநாடி

இப்போ லைட் எரிஞ்சது, அஞ்சரைக்கும் எரிஞ்சது. ஆனா வாசல் வால்வ முழுசாத் திறந்தா தண்ணி இளஞ்சூடுதான். கொஞ்சமா மூடினா கொதிக்குது, இன்னும் மூடினா அணையுது. நடுவுல எங்கயோ ஒரு இடம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு லீற்றர் சோடாப் போத்தலும் போன்ல இருக்கிற ஸ்டாப்வாட்சும் போதும்.

கணக்கு இதுதான். 3.5 கிலோவாட் ஹீட்டர் என்றால் 50ஐ எடுத்துக்கோங்க. நிமிஷத்துக்கு எத்தனை லீற்றர் ஓடுதோ அதால வகுங்க. தண்ணி எத்தனை பாகை சூடு கூடும் என்று வரும். எங்க பெரல் தண்ணி அந்தக் குளிர்ல 18 பாகை.

போத்தல் 12 விநாடியில நிரம்பினா நிமிஷத்துக்கு 5 லீற்றர். 10 பாகைதான் கூடும். 28 பாகையில குளிரும். போத்தல் 40 விநாடி எடுத்தா நிமிஷத்துக்கு 1.5 லீற்றர். 33 பாகை கூடி 51க்குப் போகும், அது தோலைச் சுடும். 25 விநாடியில நிரம்பினா நிமிஷத்துக்கு 2.4 லீற்றர், 21 பாகை கூடும், 39 பாகை. அதுதான் அம்மாவோட முழங்காலுக்குச் சுகமான சூடு. அந்த 25 விநாடி வர்ற இடத்துல வால்வ நிறுத்தி, நெயில் பொலிஷால ஒரு கோடு போட்டேன். எட்டு நிமிஷம் அந்த ஓட்டத்துல ஓடினா 19 லீற்றர் சொச்சம். கிட்டத்தட்ட அதே ரெண்டு வாளி!

ஒரு விஷயம் முக்கியம். ஓட்டத்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் எப்பவும் ஹீட்டருக்குள்ள தண்ணி நுழையுற பக்கம்தான். இந்த வகை ஹீட்டருக்கு வெளியே வர்ற பக்கம் மூடுற வால்வு போடவே கூடாது. பட்டன் அமுக்கினா தண்ணி நிற்கிற ஷவர் தலையும் வேணாம். உள்ளே சூடான தண்ணி போக வழியில்லாம அடைபடும். பைப்பு மிதிச்சு மடிஞ்சாலும் இதே கதைதான்.

கரண்ட் பக்கமும் சொல்லணும். 3.5 கிலோவாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல இழுக்கும். சுவத்துல இருக்கிற 13 ஆம்பியர் பிளக்குல சொருகினா பிளக் உருகும். மெயின் போர்ட்டுல இருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், வேலை செய்ற ட்ரிப் சுவிட்ச் எல்லாம் வேணும். ட்ரிப் சுவிட்ச்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, டப்பென்று விழணும். லயத்துல தீப்பிடிச்சா ஒரு காம்பராவோட நிற்காது. கூரை எல்லாருக்கும் ஒன்னுதான்.

பில்

2022 ஆகஸ்ட்ல கரண்ட் கட்டணம் சராசரியா 75 சதவீதம் கூடினதும், 2023 பெப்ரவரியில மறுபடியும் 66 சதவீதம் கூடினதும் எங்க வீட்டுல யாரும் மறக்கல. அதுக்கப்புறம் குறைஞ்சாலும் அந்தப் பயம் போகல. எட்டு நிமிஷக் குளியலுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழ. தினமும் என்றால் மாசத்துக்கு 14 யூனிட். எங்க வீடு மாசத்துக்கு 50 யூனிட் பக்கத்துல நிற்கும். 14ஐக் கூட்டினா 60ஐத் தாண்டும். 60ஐத் தாண்டினா அதிகமா எரிச்ச யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, முதல் யூனிட்ல இருந்தே வேற கணக்கு. அதனால அம்மா ஒரு சட்டம் போட்டிருக்காங்க. மழையில நனைஞ்ச நாளைக்கும் முழங்கால் வலிக்கிற நாளைக்கும் மட்டும் ஹீட்டர். மத்த நாளைக்கு மிலாறுதான். எனக்கு வருத்தம்தான். ஆனா பில் கட்டுறது அவங்க.

நான் கொழும்புக்குக் கிளம்புறதுக்கு முதல் நாள் அம்மா குளிச்சிட்டு வந்தாங்க. "எப்படிம்மா?" என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கிட்டே யோசிச்சாங்க.

"சூடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொகை வாசம் இல்லாம குளிச்ச மாதிரியே இல்ல."

அப்பா சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் காம்பராக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

மோட்டர திருப்பிக் குடுத்துட்டோம். மாமிகிட்ட நடந்ததை அம்மாவே சொல்லிட்டாங்களாம். மாமி ஒரு கிழமை சரியாப் பேசலயாம். அப்புறம் ஒரு நாள் பேரப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து, "அந்த ஷவர்ல ஒரு வாளி புடிச்சித் தாங்க, புள்ளயக் குளிப்பாட்டணும்" என்றாங்களாம். இப்போ மழை நாள்ல அது வழக்கமாயிட்டுது.

12 காம்பராவுக்கும் அதே அரை இஞ்சி பைப்புதான் இன்னமும். அதை மாத்தித் தரச் சொல்லி லயத்து ஆளுங்க எல்லாரும் கையெழுத்து வச்சு ஆபீசுக்கு ஒரு கடிதம் குடுத்திருக்காங்க. எழுதினது நான். பகல் பதினொரு மணிக்கும் பின்னேரம் அஞ்சரைக்கும் போத்தல் நிரம்ப எத்தனை விநாடி எடுக்குது என்று ஒவ்வொரு காம்பரா பைப்புலயும் பிள்ளைங்கள வச்சு அளந்து, அந்த 12 கணக்கையும் கடிதத்துல போட்டிருக்கோம். கடைசிக் காம்பராவுல அஞ்சரைக்கு ஒரு போத்தல் நிரம்ப ரெண்டு நிமிஷத்துக்கு மேல. பதில் இன்னும் வரல.

வீட்டுக்கு ஹீட்டர் வாங்கப் போற ஆள் நீங்க என்றால், கடைக்குப் போக முன்னாடி ஒரு லீற்றர் போத்தலை எடுத்துக்கோங்க. வீட்டுல எல்லாரும், பக்கத்து வீட்டுலயும் எல்லாரும் தண்ணி திறக்கிற நேரம் பார்த்து, ஷவர் மாட்டப் போற உயரத்துல பிடிச்சு எண்ணிப் பாருங்க. அந்த நேரம் 25 விநாடியில நிரம்பினா வாங்குங்க. நிரம்பலன்னா, முதல்ல ஒரு பெரலும் ஒரு மேடும் தேடுங்க.